உருளைக்கிழங்கின் ராஜினாமா

கோயில் திருவிழாவில் முதல் பரிவட்டம் எனக்குத்தான் என்று இரண்டு தலைக்கட்டுக்காரர்கள் அரிவாளைத் தூக்கிய கதைகளைக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் ஹார்லன் க்ரீக் என்ற சிற்றூரில் நடந்தது அதற்கு நேர் எதிர். இங்கே இரண்டு பெரிய மனிதர்கள், "ஐயோ, எனக்கு எதற்கு, முதல் மரியாதை உங்களுக்கே ஆகட்டும்" என்று ஒருவர் தலையில் மற்றவர் பரிவட்டத்தைக் கட்டிவிடப் பார்த்தார்கள். நடுவில் அகப்பட்டவர் வெர்லின் ஸ்டட்ஸ்மன். அறுபத்தொன்பது வயது. ஓபர்ஹால்ட் சிப்ஸ் கம்பெனியில் எண்ணெய்க் கொப்பரை அவர் பொறுப்பு.

அந்தப் பெரிய மனிதர்களில் ஒருவர் அரசாங்கத்தின் முதியோர் காப்பீடு. மற்றவர் கம்பெனிக் காப்பீடு. அறுபத்தைந்தைத் தாண்டியும் வேலைக்குப் போகிறவருக்கும், அதே வயதைத் தாண்டிய அவர் மனைவிக்கும் இரண்டும் உண்டு. வைத்தியம் என்று வந்தால் யார் முந்தி, யார் பிந்தி என்பதற்கு ஒரு விதி இருக்கிறது. கம்பெனியில் இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் கம்பெனிக் காப்பீடு முதலில் கொடுக்க வேண்டும். இருபதுக்குக் கீழே என்றால் அரசாங்கம் முதலில். பச்சைக் குழந்தைக்கும் புரிகிற விதி. அதனால்தான் பெரியவர்கள் கையில் அது அந்தப் பாடு படுகிறது.

வெர்லின் நாலு வருஷத்துக்கு முன்பே ஓய்வு வாங்கியிருக்கலாம். மனைவி லவோன் அதைத்தான் சொன்னாள். "போதும் வெர்ன். எண்ணெய் வாடை இல்லாம உன்னை ஒரு நாளாவது பார்க்கணும். கல்யாணத்தன்னிக்கே சிப்ஸ் வாடைதான் அடிச்சுது."

ஆனால் கம்பெனியின் ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் டார்லா, காலஞ்சென்ற முதலாளி மெர்ல் ஓபர்ஹால்ட்டின் மருமகள், நல்ல மனசோடு ஒரு யோசனை சொன்னாள். "இருங்க வெர்ன். அது ஒரு குடை, இது ஒரு குடை. ரெண்டு குடை வச்சிருக்கிறவன் எங்கயாவது நனைவானா?"

வெர்லின் இருந்துவிட்டார். இரண்டு குடை வைத்திருக்கிறவனும் நனைவான். இரண்டு குடையும் "நீ முதலில் விரி" என்று ஒன்றையொன்று உபசரித்துக்கொண்டு நின்றால் நனைவான். அது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

இலை உதிர்கிற காலத்தில் லவோனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. துணி துவைக்கும் மிஷின் இருக்கிற நிலவறைக்கு இறங்கினால் ஏற முடியவில்லை. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது என்றார் டாக்டர். மாற்ற வேண்டும், மாற்றினால் நன்றாக இருப்பாள், பனி உருகுவதற்குள் செய்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் இதயம் பொறுக்காது என்று தெளிவாகச் சொன்னார். அவர் சொன்னதில் மறைவு எதுவும் இல்லை. இந்தக் கதையில் தெளிவாகப் பேசிய ஒரே ஆள் அவர்தான். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவே முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் தேதி குறிக்கும் மேசைக்குப் போனார்கள். அங்கிருந்த பெண் சிரித்த முகமாக ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "உங்களுக்கு முதல் காப்பீடு எது?"

"ரெண்டு இருக்கு" என்றார் வெர்லின், கொஞ்சம் பெருமையாக.

"ரொம்ப நல்லது. அதுல முதல் எது?"

"எது முதல்னாலும் எங்களுக்குச் சரிதான்."

"எங்களுக்குச் சரியில்லையே. முதல் கட்டத்தை நிரப்பாம கம்ப்யூட்டர் தேதி கட்டத்துக்கே போகாது. நீங்க கேட்டுட்டு வாங்க. தேதிக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல, நிறைய காலியா இருக்கு."

வெர்லின் கம்பெனிக் காப்பீட்டுக்குப் போன் போட்டார். கெண்ட்ரா என்ற பெண் தேன் ஒழுகப் பேசினாள். "மிஸ்டர் ஸ்டட்ஸ்மன், உங்க வீட்டம்மா சீக்கிரம் குணமாகணும்னு எங்க குடும்பமே வேண்டிக்குது. நாங்க எப்பவும் இரண்டாவதா துணை நிற்கிறவங்க. முதல்ல அரசாங்கத்தைக் கொடுக்கச் சொல்லுங்க, பின்னாடியே நாங்க வந்துடறோம். பின்னாடி நிற்கிறதுதான் எங்க கம்பெனியோட பெருமை."

அரசாங்கத்துக்குப் போட்டார். அங்கே ஒரு ஆண் குரல். "உங்க கம்பெனியில இருபது பேர்னு எங்க பதிவு சொல்லுது, சார். அவங்களுக்கு உரிய முதலிடத்தை நாங்க தட்டிப் பறிக்கிறது முறையில்ல. அது அநாகரிகம்."

"நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவை பேசிக்கலாமே?"

"உங்க அந்தரங்கத்தைக் காப்பாத்தற சட்டம் இருக்கு. உங்களைப் பத்தி நாங்க யார்கிட்டயும் பேச மாட்டோம். நீங்க நிம்மதியா இருக்கலாம்."

ஒரு சனிக்கிழமை காலையில் வெர்லினுக்கு ஒரு யோசனை தோன்றியது. வீட்டுப் போனில் ஒருவரையும் கைபேசியில் மற்றவரையும் கூப்பிட்டார். இருவரும் வந்ததும், இரண்டு போன்களையும் வாயும் காதும் பொருந்துகிற மாதிரி ஒன்றோடொன்று சேர்த்து ரப்பர் வளையம் போட்டுச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு, கொல்லைக் கதவருகே போய் நின்றுகொண்டார். அவர்கள் அந்தரங்கமாகப் பேசிக்கொள்ளட்டும் என்று. இரு பக்கமும் ஒரே நேரத்தில் "தயவுசெய்து லைனில் இருங்கள்" என்றன. பிறகு இரண்டு போனும் ஒன்றுக்கொன்று சங்கீதம் வாசித்துக் காட்ட ஆரம்பித்தன.

சோபாவில் படுத்திருந்த லவோன் தலையைத் தூக்கினாள். "என்ன வெர்ன், ரெண்டும் பேசிக்குதா?"

"இல்ல. பாடிக்குது."

அவள் எழுந்து வந்தாள். "வீணாப் போகுது பாரு" என்று அவர் கையைப் பிடித்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே இருவரும் மெல்ல ஆடினார்கள். நாலைந்து அடிதான். அதற்குள் அவளுக்கு இரைக்கத் தொடங்கியது. அவர் தோளில் சாய்ந்து நின்று, "பாட்டு நிக்கிற வரைக்கும் இப்படியே நில்லு" என்றாள். பாட்டு நிற்கவே இல்லை. அவளைத் தாங்கிக்கொண்டு நின்றபோது வெர்லினுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. அவ்வளவு லேசாக இருந்தாள்.

அந்த இரண்டு போன்களில் எதுவோ ஒன்று எங்கேயோ எதையோ கிளறிவிட்டிருக்க வேண்டும். அடுத்த வாரம் கம்பெனிக் காப்பீட்டிலிருந்து தலை எண்ண ஒரு ஆள் வந்தான். எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து எண்ணினான். பத்தொன்பது. திரும்ப எண்ணினான். பத்தொன்பது.

"சம்பளப் பட்டியல்ல இருபது பேர் இருக்கே. யூ. டேட்டர் எங்க?"

எல்லாரும் டார்லாவைப் பார்த்தார்கள். கடைசியில் டார்லா சுவரில் மாட்டியிருந்த வேஷத்தைக் காட்டினாள்.

அந்தப் பக்கத்தில் உருளைக்கிழங்கைச் செல்லமாக டேட்டர் என்பார்கள். அங்கிள் டேட்டர், பட்டியலில் சுருக்கமாக யூ. டேட்டர், ஓபர்ஹால்ட் சிப்ஸின் சின்னம். சுதந்திர தினமான ஜூலை நாலாம் தேதி ஊர்வலத்தில் ஆளுயர உருளைக்கிழங்கு ஒன்று கை ஆட்டிக்கொண்டே சிப்ஸ் பொட்டலம் வீசிப் போகும். அதற்குள் இருப்பவர் எப்போதும் வெர்லின்தான். பல வருஷத்துக்கு முன்னால், குடித்துவிட்டு நல்ல மனநிலையில் இருந்த மெர்ல் ஓபர்ஹால்ட், "உழைக்கிறவன் எவனா இருந்தாலும் என் கம்பெனியில டைம் கார்டு உண்டு" என்று சொல்லி உருளைக்கிழங்குக்கு ஒரு டைம் கார்டு போட்டுச் சம்பளப் பட்டியலிலும் சேர்த்தார். போட்டோ ஒட்டிய அடையாள அட்டையும் கொடுத்தார். வரி பிடிக்க ஆளுக்கு ஒரு அரசாங்க எண் வேண்டுமே என்றபோது வெர்லினின் எண்ணையே போடச் சொன்னார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மெர்ல் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த அட்டையை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

தலை எண்ண வந்தவனுக்கு முகமெல்லாம் பல். அன்றைக்கே கெண்ட்ரா போன் செய்தாள். "நல்ல சேதி, மிஸ்டர் ஸ்டட்ஸ்மன். உங்க கம்பெனியில பத்தொன்பது பேர்தான். ஒருத்தர் காய்கறி. அரசாங்கம்தான் முதல்."

அரசாங்கத்தின் ஆண் குரல் இதை ஏற்கவில்லை. "மிஸ்டர் டேட்டர் பேர்ல வருஷா வருஷம் வரி வந்திருக்கு, சார். வரி கட்டினவரை நாங்க காய்கறின்னு சொல்ல முடியாது. எங்க பார்வையில வரி கட்டின எல்லாரும் மனுஷங்கதான். கட்டாதவங்களைப் பத்தித்தான் எங்களுக்குச் சந்தேகம்."

டார்லா பதறிப்போய் டேட்டரின் பெயரை அடித்துவிட முயன்றாள். உடனே அரசாங்கத்திடமிருந்து எச்சரிக்கை வந்தது. வெர்லினின் எண்ணில் இருப்பதால் டேட்டருக்கும் வயது அறுபத்தொன்பது. இந்தத் தகராறு நடக்கிற நேரத்தில் ஒரு முதிய ஊழியரை வேலையை விட்டுத் தள்ளுவது குற்றம்.

இப்படிப்பட்ட சிக்கலுக்கென்றே மாவட்டத் தலைநகரில் வரிசை நிர்ணய அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே பிங்க்லி என்பவர் அதிகாரி. வெர்லின் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு போய் நின்றார். பிங்க்லி அவரை உட்காரவைத்து, காபி கொடுத்து, பேசினார்.

"மிஸ்டர் ஸ்டட்ஸ்மன், ஜனங்க எங்களைத் தப்பா நினைக்கிறாங்க. வைத்தியத்தை நாங்க தடுக்கிறதா. நாங்க எதையும் தடுக்கிறதில்ல. வரிசையைத்தான் பார்க்கிறோம். வரிசை தப்பா ஒருத்தர் பிழைச்சுட்டார்னு வச்சுக்குங்க, அப்புறம் அதைத் திருத்தவே முடியாது. ஆள் உயிரோட இருக்காரு, பதிவு தப்பா இருக்கு. எங்களுக்கு அது எவ்வளவு வேதனை தெரியுமா?"

"என் வீட்டுக்காரி மாடி ஏற முடியாம கிடக்கறா, சார்."

"புரியுது. மாடி எங்க துறையில வராது."

வெர்லின் தொப்பியை மேசைமேல் வைத்தார். "நான் வேலையை விட்டுடறேன். விட்டுட்டா அரசாங்கம்தானே முதல்ல?"

பிங்க்லியின் முகம் மலர்ந்தது. "சந்தேகமே இல்ல. வேலை இல்லாதவருக்கு அரசாங்கம்தான் முதல். இதை ஏன் முன்னாடியே யோசிக்கல நீங்க?"

அந்த வெள்ளிக்கிழமை வெர்லின் வேலையை விட்டார். கொப்பரையடியில் நாற்பது வருஷத்துக்கு மேல் நின்ற மனுஷன். டார்லா வீட்டில் சுட்ட செர்ரிப்பழ அப்பத்தைக் கொண்டுவந்து வெட்டினாள். எல்லாரும் தோளில் தட்டினார்கள். வீட்டுக்குப் போனதும் லவோன் அவர் சட்டையை முகர்ந்து பார்த்து, "இன்னும் அடிக்குது. ஆனா பரவாயில்ல" என்றாள். மறுநாள் காலையில் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து காபி குடித்தார்கள். வேலைக்குப் போகிற நாளில் அவள் எழுந்திருக்கும் முன்பே அவர் கிளம்பிவிடுவார். "இது நல்லாருக்கே வெர்ன்" என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள்.

கூரைகளில் பனி சொட்ட ஆரம்பித்திருந்தது. ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டார். தேதி கிடைக்கவில்லை. அவருடைய எண்ணில் இருப்பவர் இன்னும் வேலையில் இருக்கிறார் என்று பதிவு சொன்னது; கொப்பரைக்குப் புது ஆள் வந்துவிட்டதால் தலைக்கணக்கும் பழைய இருபதேதான். ஆத்தில் ஒரு கால், சேத்தில் ஒரு கால் என்பார்களே, அப்படி வெர்லின் ஓய்வுபெற்றுவிட்டார், உருளைக்கிழங்கு இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிங்க்லி போனில் ஆறுதலாகச் சொன்னார். "சின்ன விஷயம். மிஸ்டர் டேட்டரும் ராஜினாமா செஞ்சுடணும். வேற யாரும் அவருக்காகச் செய்ய முடியாது, கட்டாயப்படுத்திட்டாங்கன்னு ஆயிடும். அவரே நேர்ல வந்து, தன் விருப்பப்படி போறேன்னு சொல்லணும். அடையாள அட்டை கொண்டுவரணும். முகமும் போட்டோவும் ஒத்துப்போகணும்."

"சார், போட்டோவுல இருக்கிறது உருளைக்கிழங்கு."

"அப்ப அந்த முகத்தோடயே வரச் சொல்லுங்க."

வெர்லின் கோபப்படவில்லை. கோபப்படுகிற கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டார். வேஷத்தை வீட்டுக்கு எடுத்துவந்தார்.

அந்த வேஷத்துக்கு ஜிப் முதுகுப் பக்கம் இருக்கிறது. உள்ளே இருப்பவரால் போடவும் முடியாது, கழற்றவும் முடியாது. வருஷா வருஷம் ஊர்வலத்தன்று லவோன்தான் ஏற்றிவிடுவாள். ஏற்றி முடித்ததும் முதுகில் ஒரு தட்டுத் தட்டி ஒரே நகைச்சுவையைச் சொல்வாள். வருஷா வருஷம் அதே நகைச்சுவை.

அன்றைக்கு அவளால் நிற்க முடியவில்லை. பக்கத்து வீட்டு மார்ஜ் துணைக்கு வந்திருந்தாள். "நான் போட்டுவிடறேன், குடுங்க" என்றாள் மார்ஜ்.

"என் கிழங்கை நீ தொடாதே" என்றாள் லவோன். சோபாவின் கையில் உட்கார்ந்துகொண்டு, அவரைத் திரும்பி மண்டிபோடச் சொன்னாள். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. மூச்சு வாங்க விட்டுவிட்டு, இழுத்து, மறுபடி விட்டு இழுத்து, கழுத்துவரை கொண்டுவந்துவிட்டாள். முதுகில் தட்டினாள். பஞ்சு கனத்தில் அது அவருக்கு உறைக்கவே இல்லை.

"கிழம் கிழங்குக்குள்ள போயாச்சு" என்றாள். "சீக்கிரம் வா. உன்னை உரிக்கிறதும் நான்தான்."

அவர் திரும்பிப் பார்க்க முயன்றார். வேஷத்தோடு கழுத்தைத் திருப்ப முடியாது. "வந்துடறேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

உருளைக்கிழங்கால் கார் ஓட்ட முடியாது என்பதால் டார்லா கம்பெனி வண்டியின் பின்பக்கம் அவரை ஏற்றிப் போனாள். அலுவலக வாசலில் காவலாளி டார்லாவை நிறுத்தினான். சம்பந்தப்பட்ட ஊழியர் மட்டும்தான் உள்ளே. காத்திருக்கும் கூடத்தில் அவருக்கு ஏற்ற நாற்காலி இல்லை. சுவரோரம் நின்றார். அங்கே வேறு சில கிழவர்களும் கிழவிகளும் தங்கள் வரிசைக்காக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் மெதுவாக, "உங்களுக்கு எத்தனாவது தடவை?" என்று கேட்டார்.

பிங்க்லி அட்டையையும் உருளைக்கிழங்கையும் மாறி மாறிப் பார்த்துத் தலையசைத்தார். "மிஸ்டர் டேட்டர், தங்கள் சுய விருப்பத்தின் பேரில்தான் விலகறீங்களா?"

"ஆமா" என்றது உருளைக்கிழங்கு.

"யாராவது மிரட்டினாங்களா?"

"இல்ல. சீக்கிரம் முடிச்சுக் குடுங்க, சார்."

"இதெல்லாம் அவசரப்படற காரியமில்ல. நீண்ட காலம் உழைச்சவரை ஒரு வார்த்தை சொல்லாம அனுப்பறது எங்க வழக்கமில்ல." பிங்க்லி எழுந்து நின்றார். பக்கத்து மேசைக்காரர்களையும் கூப்பிட்டார். "மிஸ்டர் டேட்டர், உங்களை மாதிரி ஊழியர் அபூர்வம். இத்தனை வருஷத்துல ஒரு நாள் நோய்னு படுத்ததில்ல. ஒரு தடவைகூட வைத்தியம் கேட்டதில்ல. எல்லாரும் உங்களை மாதிரி இருந்துட்டா இந்தக் காப்பீட்டு முறை எவ்வளவு நல்லா நடக்கும்."

அப்போதுதான் வேஷத்துக்குள்ளே போன் அடித்தது.

சட்டைப்பையில், மார்புக்கு நேராக அடித்தது. வெர்லினின் கைகள் பஞ்சுக் கைகளுக்குள் இருந்தன. மேலே தட்டினார், அமுக்கினார். அடித்து நின்றது. மறுபடி அடித்தது. "யாராவது முதுகுல இருக்கிற ஜிப்பை இறக்குங்க" என்றார்.

பிங்க்லி வருத்தத்தோடு கையைக் காட்டினார். "இப்ப இறக்கினா அடையாளம் மாறிடும், மிஸ்டர் டேட்டர். முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. தயவுசெய்து போனை நிறுத்தி வையுங்க, இது உங்க விழா."

வெர்லின் பேனாவைப் பஞ்சு விரல்களுக்கு நடுவே பிடித்து ஒரு கோடு இழுத்தார். முத்திரை விழுந்தது. நாலைந்து பேர் கை தட்டினார்கள். போன் மூன்றாவது தடவை அடித்து நின்றுபோனது.

வாசலில் டார்லா நின்றுகொண்டிருந்தாள். மார்ஜ் ஆஸ்பத்திரியிலிருந்து அவளையும் கூப்பிட்டிருக்கிறாள். டார்லா காவலாளியிடம் எவ்வளவோ மன்றாடியிருக்கிறாள், உள்ளே விடவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் வெர்லின் வண்டியைப் பார்த்து நடந்தார். அவள் ஓடிப்போய் வண்டியின் கதவைத் திறந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அதே மேசை. அதே பெண். வேஷத்தைப் பார்த்துத் திகைத்தாலும், பழக்கதோஷத்தில் அதே கேள்வியைக் கேட்டாள்.

"முதல் காப்பீடு எது?"

"அரசாங்கம்" என்றார் வெர்லின். முத்திரை போட்ட தாளை நீட்டினார்.

அவள் தட்டினாள். திரையைப் பார்த்தாள். "எல்லாம் சரியா இருக்கு, சார். தேதி கட்டம்கூடத் திறந்துடுச்சு." பிறகு அடுத்த வரியைப் படித்தாள் போலிருக்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். "மன்னிச்சுக்குங்க" என்றாள்.

அறையின் கதவு குறுகல். பக்கவாட்டில் நுழைய வேண்டியிருந்தது. லவோனின் தலைமுடியை யாரோ ஒதுக்கிவிட்டிருந்தார்கள். மார்ஜ் சுவர் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள். வெர்லின் கட்டிலருகே போனார். குனிய முடியவில்லை. பஞ்சுக் கையை அவள் கைமேல் வைத்தார். சூடாக இருக்கிறதா, சில்லிட்டிருக்கிறதா என்று தெரியவில்லை. அப்படியே நின்றார்.

ரொம்ப நேரம் கழித்து ஒரு நர்ஸ் வந்தாள். வயதான பெண்மணி. அவரைச் சுற்றிப் பின்னால் போய் நின்றாள்.

"உள்ள வேர்த்துக் கொட்டுமே உங்களுக்கு. ஜிப்பை இறக்கிவிடட்டுமா?"

"வேணாம்மா" என்றார் வெர்லின். "அவ ஏத்திவிட்டது. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."